பஞ்சு முசேயின் ஒத்திகை

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் பஞ்சு முசேயைப்போலத் தன் ரத்தத்தைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்ட மனிதர் வேறு யாரும் இருந்ததில்லை. இதய வால்வு ஆபரேஷனுக்குப் பிறகு, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டு வந்தார். "அடிபட்டால் ரத்தம் லேசில் நிற்காது" என்று டாக்டர் சொன்ன ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு எங்கள் தெருவையே ஆட்டிவைத்தார். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன வழக்கப்படி, பேண்ட் போட்ட பெரியவர்கள் எல்லோருமே எங்களுக்கு முசேதான். இவர் சட்டைப்பையில் எப்போதும் பஞ்சு பிதுங்கும். அதனால் பஞ்சு முசே.

கத்தியைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார். முருங்கைக்காயைக்கூடப் பக்கத்து வீட்டில் கொடுத்துத்தான் நறுக்கி வாங்குவார். பிளேடுக்குப் பயந்து வளர்த்த தாடி மார்பைத் தொட்டது.

ஆள் தனிக்கட்டை. விழுந்தால் தெருதான் கதி. ஆகவே ஞாயிறுதோறும் ஒத்திகை. நடுத்தெருவில் மல்லாந்து படுத்து, "ரத்தம் கொட்டுது! யார்னா வாங்க!" என்று கத்துவார். குருசுக்குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் அஞ்சலைதான் வசமாக மாட்டுவாள்.

"காபித்தூள் எடுத்தாரட்டா முசே?"

"கொன்னுடுவேன்! சுத்தமான துணிய வச்சி அழுத்து. எடுத்து எடுத்துப் பாக்காத!"

"மீனு வெயில்ல கெடுதுய்யா."

"நான் கெட்டா பரவால்லியா?"

ஒரு சனிக்கிழமை காலை, குழாயடியில் நிஜமாகவே வழுக்கி விழுந்தார். நெற்றி கல்லில் மோதியது. "ஒத்திகை நாளைக்கில்ல முசே?" என்று சிரித்தவர்கள், ரத்தத்தைக் கண்டதும் துணிக்கும் ஆட்டோவுக்கும் ஓடினார்கள். அஞ்சலை கூடையை இறக்கிவிட்டுத் துணியை வைத்து அழுத்தினாள். கை மரத்துப்போயும் எடுக்கவில்லை. ரத்தம் நின்றது. கட்டுப் போட்டோம். தெருவே கைதட்டியது. முசே எழுந்து உட்கார்ந்து, கல்யாண மாப்பிள்ளை மாதிரி எல்லோரையும் பார்த்தார்.

"ஆட்டோ நிக்குது, ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்துடலாம் முசே" என்றேன்.

"எதுக்கு? அதான் நின்னுடுச்சே!"

மதியம் தலை வலிக்கிறது என்றார். வெயில்தான் காரணம் என்று அவரே சொல்லிப் படுத்துக்கொண்டார். சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர் டீ கொண்டுபோய் எழுப்பினார்; முசே எழுந்திருக்கவில்லை. தலைக்குள்ளே ரத்தம் கசிந்திருக்கும் என்றார் வந்து பார்த்த டாக்டர். இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் தலையில் அடிபட்டால், வெளியே ரத்தம் நின்றாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகவேண்டுமாம். இத்தனை ஒத்திகையில் அது மட்டும் இல்லாமல் போயிற்று. எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. இப்போதும் தீரவில்லை.

கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அஞ்சலை வந்து, நெற்றியில் இருந்த அந்தக் கட்டின்மேல் கை வைத்துப் பார்த்தாள்.

"ஒரு சொட்டுகூட கசியலியே முசே. நல்லாத்தான அழுத்தினேன்?"

கேட்டுவிட்டு, கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.