மான் வேட்டைக்குப் போன பூரிக்கட்டை

ஒரு வேலையை உருப்படியாகக் கெடுக்க, அதைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் இருந்தால் மட்டும் போதாது. நாலு வீடியோவாவது பார்த்திருக்க வேண்டும். நான் ஒரு வாரம் முழுக்கப் பார்த்திருந்தேன்.

டெக்சஸில் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஹூஸ்டனில் எங்கள் தமிழ் சபையில் செல்வின் அங்கிள்தான் எனக்கு ஹீரோ. நாகர்கோவில்காரர், பல் டாக்டர். அவருடைய பேஷண்ட் ஒருவர் வருஷத்தில் ஒரே ஒரு சனிக்கிழமை, தன் ரான்ச் பண்ணைக்கு மான் வேட்டைக்கு வரச் சொல்வார். அந்த ஒரு நாளுக்காக அங்கிள் மிச்ச நாளெல்லாம் அடுத்தவர் வாயைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பார். அந்த வருஷம் என்னையும் கூட்டிப் போவதாகச் சொன்னார். அத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம். ‘ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மான் பிரியாணி!’ என்று சபை குரூப்பில் போட்டுவிட்டேன். (அந்த மான் அப்போது உயிரோடு, நிம்மதியாக, எங்கேயோ மேய்ந்துகொண்டிருந்தது.)

அங்கிள் தன் துப்பாக்கிக்குப் புது ஸ்கோப் வாங்கியிருந்தார். ஸ்கோப் என்றால் துப்பாக்கி முதுகில் உட்காரும் குட்டி டெலஸ்கோப். முன்னால் ஒரு வளையம், பின்னால் ஒரு வளையம், நடுவே அது படுத்திருக்கும். இரண்டு வளையமும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கண் ஒரு பக்கம் பார்க்கும், குண்டு இன்னொரு பக்கம் போகும்.

“கடையில குடுத்து மாட்டிக்கலாம் மக்கா.”

“எதுக்கு அங்கிள்? நான் மெக்கானிக்கல் இன்ஜினீயர்!” (வேலை பார்ப்பது சாஃப்ட்வேரில். அதை எடுத்துச் சொல்ல அங்கே யாருமில்லை.)

வீடியோவில் சொன்னது சுலபம். ஸ்கோப் பருமனில் நேரான உருண்டைக் கட்டை ஒன்றை இரண்டு வளையத்திலும் வைத்து, அது ஆடாமல் உட்காரும்வரை பின் வளையத்தின் பக்கத் திருகுகளைத் திருப்ப வேண்டும். கட்டைக்கு எங்கே போவது? அங்கிள் வீட்டுச் சமையலறையிலிருந்து பூரி வாசனை வந்தது.

“ஆன்ட்டி, அந்தப் பூரிக்கட்டையைக் கொஞ்சம் தர்றீங்களா?”

“எதுக்குப்பா?”

“துப்பாக்கிக்கு.”

ஸ்டெல்லா ஆன்ட்டி என்னைப் பார்த்தார், அங்கிளைப் பார்த்தார், மாவைத் துடைத்துவிட்டுக் கொடுத்தார். “பத்திரம். ஊர்ல இருந்து கொண்டு வந்தது.”

அளவெடுத்துக் கடைந்த மாதிரி வளையத்தில் உட்கார்ந்தது கட்டை. திருகுகளைத் திருப்பி அதற்கேற்ப வளையங்களைச் சரி செய்தேன். பிறகு ஸ்கோப்பை வைத்தால், அது உட்காரவே மாட்டேன் என்றது. இறுக்கமாக இருந்தால் நல்லதுதானே? அழுத்திப் பிடித்து, மேல் திருகுகளை முடுக்கினேன்.

“ஏதோ நொறுங்குன சத்தம் கேட்டுதே மக்கா?”

“செட் ஆகுது அங்கிள்.”

வேட்டைக்கு முந்தின நாள் மாலை, குறி சரிபார்க்க ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போனோம். அங்கிள் சுட்டார். எங்கள் டார்கெட்டில் ஓட்டை இல்லை. மறுபடி சுட்டார். வாங்கிய அன்று போலவே புத்தம் புதிதாக இருந்தது. பக்கத்து மேசையில் பெரிய தொப்பி வைத்த ஒருவர் தன் டார்கெட்டை உற்றுப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“நான் இன்னும் துப்பாக்கியையே வெளியே எடுக்கலை. ஆனா ரொம்ப நல்லா சுட்டிருக்கேன்!”

அங்கிள் ஸ்கோப்பின் குமிழை அது நிற்கும்வரை திருகினார். குண்டு இரண்டு டார்கெட்டுக்கும் நடுவிலிருந்த புல்லுக்கு நகர்ந்தது, அவ்வளவுதான். கழற்றிப் பார்த்தால் ஸ்கோப் குழாய் நசுங்கியிருந்தது. ஆட்டினால் கிலுகிலுப்பை மாதிரி சத்தம்.

“எதை வெச்சு நேர் பார்த்தீங்க?” என்றார் தொப்பிக்காரர்.

அவசரத்துக்கு உதவும் என்று பையில் கொண்டுவந்திருந்த பூரிக்கட்டையைப் பெருமையாக நீட்டினேன். அவர் அதை மேசையில் வைத்து மெல்ல உருட்டிவிட்டார். தடக்... தடக்... நொண்டிக்கொண்டே போய் விளிம்பில் நின்றது. வருஷக்கணக்கில் டிஷ்வாஷரில் வெந்து, லேசாக வாழைப்பழ வளைவு வளைந்திருந்தது.

அங்கிள் கட்டையையே பார்த்தார். திட்டப் போகிறார் என்று நான் ஒரு அடி பின்வாங்கினேன். “அப்போ... அவ பூரி ரவுண்டா வராததுக்கு...” என்று ஆரம்பித்தவர், சிரிப்புத் தாங்காமல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். உடனே போன் போட்டார்.

“ஸ்டெல்லா, தப்பு உன் கையில இல்லடி! கட்டையில!”

போனிலிருந்து ஆன்ட்டியின் குரல் ரேஞ்ச் முழுக்கக் கேட்டது: “உங்கம்மா இங்க வந்திருந்தப்ப பூரியைப் பாத்துப் பாத்து என்ன பேச்சு பேசுனாவ! இப்பவே அவங்களுக்குப் போன் போட்டுச் சொல்லுங்க!”

தொப்பிக்காரர் தன் துப்பாக்கியைத் தருவதாகச் சொன்னார். அங்கிள் நன்றி சொல்லி மறுத்துவிட்டார். “பழகாத துப்பாக்கியால ஒரு உயிரைக் குறி பார்க்கக் கூடாது மக்கா” என்றார் என்னிடம். அத்தோடு என் பிரியாணி அறிவிப்பும் செத்தது.

ஆனாலும் சனிக்கிழமை ரான்ச்சுக்குப் போனோம். கையில் பைனாகுலரும் ஃப்ளாஸ்க்கில் காபியும். விடிந்ததும் ஒரு கலைமான் எங்களுக்கு எதிரே வந்து நின்றது. கொம்பு ஒவ்வொன்றும் முருங்கைக் கிளை மாதிரி. இடப்பக்கம் காட்டியது, வலப்பக்கம் காட்டியது, ஸ்டூடியோவில் நிற்பதுபோல் முகத்தை நிமிர்த்தியது. வருஷம் முழுக்கக் காத்திருந்த மனிதர் என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, “உனக்குத்தான் தேங்க்ஸ் சொல்லுது பாரு” என்றார்.

ஞாயிறு மதியம் சபையே தட்டோடு வரிசையில் நின்றது. ஆன்ட்டி தம் போட்ட மூடியைத் திறந்தார். புதினா, நெய், பட்டை, கிராம்பு எல்லாம் மணந்தது. கறி மட்டும் இல்லை. வரிசையில் முதலில் நின்ற சின்னப் பெண் கரண்டியால் கிளறிப் பார்த்துவிட்டு, “வேர் இஸ் த டீர்?” என்றாள்.

“எபி அண்ணன் அதைப் பத்திரமா காட்டுலயே விட்டுட்டு வந்திருக்கான்மா” என்றார் அங்கிள், என்னைக் காட்டி.

ஒரு பருக்கை மிஞ்சவில்லை. ஆனால் அன்றிலிருந்து எங்கள் சபையில் குஸ்காவை யாரும் குஸ்கா என்று சொல்வதில்லை. எபி பிரியாணி என்றுதான் சொல்கிறார்கள். கேட்டரிங்காரர் வரைக்கும் அந்தப் பெயர் போய்விட்டது. போன மாதம் என் கல்யாண விருந்தில் அவர், “மட்டன் பிரியாணி, சிக்கன் பிரியாணி, எபி பிரியாணி” என்று வரிசையாகச் சொல்ல, பெண் வீட்டார் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. மாப்பிள்ளை பெயரிலேயே ஒரு பிரியாணியா!

“அதுல என்ன ஸ்பெஷல்?” என்று என் மாமனார் ஆவலாகக் கேட்டார்.

செல்வின் அங்கிள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.