இறக்கி வைத்த ஹேண்டில்

ஹேண்டில் பாதி வழியில் சிக்கிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

"என்னங்க, சத்தத்தையே காணோம்? உடைச்சிட்டீங்களா?" சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

"உடைக்கல. யோசிக்கறேன்."

"ஐயோ, அதுக்கு உடைச்சாலே தேவலை."

சைக்கிள் அவளுடைய அண்ணனுடையது. இருபத்தைந்து வருடப் பழைய மலைச் சைக்கிள். இடம் குறைவான வேறொரு வீட்டுக்குக் குடிபோனபோது, தட்டுமுட்டுச் சாமான்களோடு அதையும் இங்கே விட்டுப் போயிருந்தார். புதன்கிழமை அவரிடமிருந்து செய்தி வந்தது: 'மாப்பிள்ளை, சைக்கிள் ஹேண்டிலை இறக்கி வைங்க. சனிக்கிழமை வரேன்.'

மச்சான் ஒரு வேலை சொல்லி மூன்று வருடமாகிறது. கடைசியாகப் பழுதுபார்க்கக் கொடுத்தது சுவர்க் கடிகாரம். அது இன்றும் பின்னோக்கித்தான் ஓடுகிறது. அன்றிலிருந்து மச்சான் வீட்டில் இவருக்கு 'ஸ்பேனர்' என்று பெயர். அந்தப் பெயரைக் கழற்ற இதைவிட்டால் வேறு வாய்ப்பில்லை.

"ஒரு இஞ்ச் கீழ இறக்கச் சொல்றார், அவ்வளவுதானே?" என்றாள் மனைவி.

"உனக்குப் புரியாது. ரேஸ் சைக்கிள்ல ஆட்டுக்கொம்பு மாதிரி வளைஞ்சு இறங்குமே, அதுக்குப் பேரே ட்ராப் ஹேண்டில். ட்ராப்னா இறக்கம். உங்க அண்ணன் தமிழ்ல சொல்லியிருக்கார்."

கடையில் வளைந்த ஹேண்டில் ஒன்றை வாங்கி வந்து, நேர் ஹேண்டிலைக் கழற்றிப் பரண்மேல் செருகினார். அங்கே கிடந்த சாக்கு மூட்டை முழங்கையில் குத்தியது. "எந்தக் குப்பை இது!" என்று மூலைக்குத் தள்ளினார்.

வளைந்த ஹேண்டில் சிக்கியதற்குக் காரணம் எளிது. அதன் முனைகள் மெலிவு, நடுப்பகுதி ஒரு மயிரிழை தடிமன். அதைப் பிடிக்கும் கழுத்துத் துண்டின் துளையோ நேர் ஹேண்டிலின் அளவுக்குப் போட்டது.

"கழுத்தை மாத்தணும்" என்றார் சைக்கிள் கடைக்காரர்.

மாற்றினார். பழைய பிரேக் பிடிகள் வளைந்த குழாயில் ஏறவில்லை. புதுப்பிடிகள் ஏறின. ஆனால் பிரேக் பிடிக்கவில்லை. ரேஸ் பிடியை அழுத்தினால் கம்பி அரை விரற்கடைதான் நகரும். இந்தச் சக்கரத்தின் பிரேக்குக்கு ஒரு விரற்கடை வேண்டும்.

"அப்போ சக்கரத்துப் பிரேக்கையும் மாத்தணும்."

"இதை நேத்தே சொல்லக் கூடாதாய்யா?"

"நேத்து நீங்க கழுத்தைப் பத்தித்தானே கேட்டீங்க?"

மாற்றினார். கியர் பிடியும் ஏறவில்லை. அதையும் மாற்றினார். பழைய கம்பிகள் எட்டவில்லை. இழுத்துக் கட்டி ஓட்டிப் பார்த்ததில், இடப்பக்கம் திருப்பினால் பிரேக் தானாகப் பிடித்தது, வலப்பக்கம் திருப்பினால் கியர் தானாக மாறியது. நேராக மட்டும் போகலாம். தெரு நேராக இல்லை. எதிர்வீட்டுக் கதவு நின்ற இடத்தில் இவரும் நின்றார்.

கம்பிகளையும் மாற்றி வெள்ளிக்கிழமை மாலை ஏறி உட்கார்ந்தால், கை எட்டவில்லை. மலைச் சைக்கிளின் உடம்பே நீளம். வளைந்த ஹேண்டில் இன்னும் அரைச் சாண் முன்னால் போகிறது.

"ஏங்க, ஓட்டறீங்களா, நீச்சலடிக்கறீங்களா?" என்றாள் மனைவி.

மறுபடியும் கடை. கடைக்காரர் தலை நிமிரவில்லை. "கழுத்தா? குட்டையா ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன். வருவீங்கன்னு தெரியும்."

சனிக்கிழமை காலை மச்சான் வந்தார். சைக்கிளை இரண்டு முறை சுற்றினார். பிரேக்கை அழுத்தினார். பிடித்தது. திருப்பினார். திரும்பியது.

"பிரமாதம் மாப்பிள்ளை! எல்லாமே புதுசா இருக்கே?"

"நீங்கதானே மச்சான் இறக்கி வைக்கச் சொன்னீங்க?" ஸ்பேனர் ஹேண்டிலைத் துணியால் ஒருமுறை துடைத்துவிட்டார்.

மச்சான் நிமிர்ந்து பரணைப் பார்த்தார்.

"வளைஞ்ச ஹேண்டில், அதுக்கேத்த கழுத்து, பிரேக், கியர், கம்பி, எல்லாத்தையும் ஒரே சாக்குல கட்டி அந்தப் பரண்மேல போட்டிருந்தேன் மாப்பிள்ளை, அதைத்தான் கீழ இறக்கி வைக்கச் சொன்னேன்."