சூடம் அணைத்த நுரை முசியே

சைகோனில் போர் மூட்டிய தீ அத்தனையையும் ஒன்று சேர்த்தாலும் நுரை முசியேயின் கோபத்துக்கு உறை போடக் காணாது. அவரை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

காரைக்கால்காரர்; பிரெஞ்சுக்காரர் பழக்கத்தில் 'முசியே', அதாவது ஐயா, என்றே எல்லோரும் அவரைக் கூப்பிடுவோம். விமான நிலையத் தீயணைப்புப் படையில் நுரைக்கு அவர்தான் பொறுப்பு. எரிபொருள் தீயில் தண்ணீரை ஊற்றினால் தீ மிதந்து பரவும்; நுரைதான் போர்வை மாதிரி மூடி அணைக்கும். அவருடைய பழைய நுரை மாட்டு ரத்தத்திலும் குளம்பிலும் செய்தது. அந்த நாற்றம் அவரை விட்டுப் போனதே இல்லை. மாரியம்மன் கோயில் குருக்கள் தள்ளி நின்றுதான் தட்டை நீட்டுவார். "ஆத்தாளே மூக்கப் பொத்தல, ஒங்களுக்கு என்ன வந்துச்சு?" என்று அதற்கும் ஒரு சண்டை.

அமெரிக்காவிலிருந்து புது நுரை வந்தது. இரண்டு தொட்டிகளில் விமான எரிபொருளைக் கொளுத்திப் பார்த்தார்கள். புதியது கண்மூடித் திறப்பதற்குள் அணைத்துவிட்டது. பழையது சம்பந்தி பந்திக்கு வருவதுபோல ஆடி அசைந்து வந்தது. முசியே விடாமல் இரண்டிலும் எரியும் துணியை எறிந்தார். புதியதில் தீ மறுபடி எழுந்தது, பழையது அசையவில்லை. எது மேல் என்று மேலதிகாரி பண்டகசாலைக்காரனான என்னைக் கேட்டார். புதியது என்றேன். ஆள் வெந்த பிறகு கெட்டியாக மூடி யாருக்கு என்ன லாபம்?

அன்றே முசியே கோயிலுக்குப் போனார். அந்த அமெரிக்கச் சோப்புத் தண்ணீரை இனித் தொடுவதில்லை என்று, எரிகிற சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தார். இருவரும் ஒரே வீட்டில்தான் வாடகைக்கு இருந்தோம்; அப்படி இருந்துகொண்டு என்னோடு பேச்சையும் நிறுத்தினார். சுவரைப் பார்த்து என்னைத் திட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை. நானும் அவர் வரும்போதெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

ஒரு நாள் கடலோர ஊரான நா திராங்கிலிருந்து சைகோனுக்குச் சிறு விமானத்தில் திரும்பினேன். இறங்கும்போது சக்கரம் ஒடிந்து, எரிபொருள் கொட்டிப் பற்றிக்கொண்டது. கதவைச் சுற்றித் தீ. முசியேயின் வண்டி வருவதைக் கண்ணாடி வழியே பார்த்தேன். அந்த மாட்டு நுரை மூடி முடிப்பதற்குள் நான் கரிக்கட்டை.

அவர் கையில் இருந்தது புது நுரைக் குழாய். தீ சட்டென்று வழிவிட்டது. என்னை இழுத்து வெளியே போட்டுவிட்டு, பழைய நுரையால் விமானத்தோடு என்னையும் சேர்த்து மூடினார்.

"சூடம் அணைச்சீங்களே, முசியே" என்றேன்.

"ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன். நீ வாய மூடிக்கிட்டு நட."

மறுநாள் காலை, எது மேல் என்று மறுபடியும் சண்டை தொடங்கியது.

பிறகு அவர் பிரான்சுக்குப் போனார், நான் ஊர் திரும்பினேன். விமானம் எரிந்த அன்று போட்டிருந்த சட்டையை நாற்றத்தோடு பெட்டியில் வைத்திருந்தேன். விஷயம் தெரியாத என் மனைவி அதை எடுத்து வெந்நீரில் ஊறவைத்து, சுத்தமாகத் துவைத்துவிட்டாள். அந்தக் கோபம் மட்டும் எனக்கு இன்னும் அணையவில்லை.