பன்னிரண்டு தலைவர்களும் ஒரு பந்தும்

மலாக்காவில், காஜா பெராங் வட்டார இளைஞர்களின் சகலவித முன்னேற்றத்தையும் முன்னிட்டு, ஹாக்கி மட்டைகள் வேண்டுமென்று மேலிடத்துக்கு ஒரு விண்ணப்பம் போயிற்று. சுதந்திரம் வரப்போகும் வருஷம் அல்லவா, மேலிடமும் சுறுசுறுப்பாக ஒரு பெரிய பெட்டியை அனுப்பி வைத்தது. திறந்து பார்த்தால் உள்ளே உருட்டுக்கட்டை மாதிரி மட்டைகளும், பூதத்தின் கைக்குத் தைத்த மாதிரி தோலுறைகளும் இருந்தன.

"பெட்டி மாறி வந்துடுச்சி போல" என்றான் ஜெயபாலன். பதினேழு வயது. மனதில் பட்டதை வாயால் சொல்லிவிடும் நோய் அவனுக்கு உண்டு.

இளைஞர் மேம்பாட்டுச் சங்கத்தின் தலைவர் ஏகாம்பரம் அவனைக் கருணையோடு பார்த்தார். அவருக்கு வயது ஐம்பத்து நான்கு. இளமை என்பது வயதில் இல்லை, பதவியில் இருக்கிறது என்பது அவர் கொள்கை. இருபது வருஷமாக அவர் இளைஞராகவே இருந்துவருகிறார்.

"தம்பி, கவர்மெண்டு தப்பு செய்யுமா? நாமதான் தப்பான விளையாட்டைக் கேட்டிருக்கோம். இது பேஸ்பால். அமெரிக்கால இதான் இப்ப நாகரிகம்" என்றார்.

பக்கத்து ஊர்களுக்கும் அதே மாதிரி பெட்டிகள் போயிருந்தன. எங்கும் யாரும் தவறை ஒப்புக்கொள்ளாததால், தென்வட்டாரம் முழுவதும் ஒரே வாரத்தில் பேஸ்பால் வளர்ந்துவிட்டது. வளர்ந்த பிறகு சும்மா விட முடியுமா? இளைஞர் அணிகளுக்கான வட்டாரப் போட்டி அறிவிக்கப்பட்டது. வெல்லும் அணி மெர்டேக்கா என்னும் சுதந்திரக் கொண்டாட்டத்துக்குக் கோலாலம்பூர் போய், பெரிய கூட்டத்தின் முன் ஆடிக்காட்ட வேண்டும்.

அதைக் கேட்ட நாளிலிருந்து ஜெயபாலனுக்கு வேறு நினைப்பே இல்லை. புதுக்கொடி ஏறும் ஊரில், அத்தனை சனத்துக்கு நடுவில், அவன் கையிலிருந்து ஒரு பந்து போக வேண்டும். அவ்வளவுதான் அவன் கேட்டது. பத்து பெரெண்டாம் என்ற இடத்து விமானத் திடலோரம் அணியின் பன்னிரண்டு பையன்களும் சாயங்காலந்தோறும் புழுதியில் புரண்டார்கள். அவன் தங்கை விஜயா ஓடி ஓடிப் பந்து பொறுக்கினாள். பொறுக்கிய பந்தைத் திருப்பி எறிகிற வேகத்தில் இரண்டு பையன்களின் விரல் வீங்கியது.

பண்டார் ஹிலிர் திடலில் போட்டி நடந்தது. முதல் ஆட்டத்தில் மூவார் அணி. அந்தப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தவர் அணிவகுப்பு வாத்தியார். ஒருவன் பந்தை அடித்தால், காத்திருந்த மற்ற எட்டுப் பேரும் வரிசையாகச் சேர்ந்து ஓடினார்கள். ஒற்றுமைக்கு அவர்களுக்குத் தனிப் பாராட்டு கிடைத்தது. புள்ளிகள் முப்பத்தொன்று காஜா பெராங்குக்குக் கிடைத்தன.

அடுத்து தம்பின். ஜெயபாலன் போட்ட பந்துகளை அவர்கள் கண்ணால் பார்த்ததோடு சரி. இருபத்தேழு புள்ளிக்கு ஒன்று என்று ஜெயித்தாயிற்று. அந்த ஒன்று எப்படிப் போயிற்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜெயபாலன் கையை ஓங்கிய நேரம் ஏகாம்பரம் மாலையோடு திடலுக்குள் நுழைந்துவிட்டார்.

"ஐயா, ஆட்டம் நடக்குது, ஐயா!"

"தெரியும்லா. ஆறு மணிக்கு மேல வெளிச்சம் போயிடும்னு படம் பிடிக்கிறவர் சொல்றாரு. சிரி."

ஜெயபாலன் சிரித்தான். தம்பின் பையன் அதற்குள் நான்கு மூலையையும் சாவகாசமாகச் சுற்றி முடித்துவிட்டான்.

கடைசி ஆட்டத்தில் சிரம்பான் அணி பாதியிலேயே கைகூப்பி, மூட்டை கட்டியது. ஊரே பையன்களைத் தோளில் தூக்கிக்கொண்டு போயிற்று.

மறுநாள் செயற்குழு அவசரமாகக் கூடியது. கோலாலம்பூருக்கு 'அணியினர் பன்னிரண்டு பேர்' வரலாம் என்று மேலிடம் சொல்லியிருந்தது. அணியில் பன்னிரண்டு பேர். செயற்குழுவிலும் பன்னிரண்டு பேர். இது ஆண்டவன் போட்ட கணக்கு என்றார் செயலாளர் பொன்னுதுரை.

"அணி யாரோடது? சங்கத்தோடது. சங்கம்னா யாரு? செயற்குழு. அப்ப அணி யாரு?" என்று கேட்டார் ஏகாம்பரம்.

வாசலில் நின்று கேட்ட ஜெயபாலன் உள்ளே வந்துவிட்டான். "ஐயா, அங்க ஆடணுமே!"

"கொண்டாட்டத்துல யாருடா ஆடுவா? பேசுவாங்க. காச்சாவ் பண்ணாம, தொந்தரவு குடுக்காம, நாளைக்கு பஸ்ஸடிக்கு வந்து கையாட்டுங்க. தெங்கேராவிலேருந்து பேண்டு வாத்தியம் சொல்லியிருக்கு."

பையன்கள் கையாட்டினார்கள். பஸ் கிளம்பும்போது ஏகாம்பரம் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, ஜெயபாலன் தலையிலிருந்த தொப்பியையும் ஞாபகமாக வாங்கிக்கொண்டார். அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை.

கோலாலம்பூரில் நடந்ததை பஸ் ஓட்டிய சுப்பையன்தான் வந்து சொன்னார். அவர் பதவி எதிலும் இல்லாதவர், ஆகவே நம்பலாம்.

"ஒலிபெருக்கில மலாக்கா இளைஞர் சாம்பியன்னு கூப்பிட்டான். இவங்க பன்னண்டு பேரும் கோட்டும் தொப்பியுமா, தொப்பையைத் தள்ளிக்கிட்டு இறங்குனாங்க. அங்க இருந்த ஆபீசர் பின்னால எட்டிப் பார்த்து, பிள்ளைங்க எங்கேன்னாரு. நாங்கதான் அந்தப் பிள்ளைங்கன்னாரு நம்ம தலைவரு."

"அப்புறம்?"

"அப்புறம் என்னா, எதிரே வேற வட்டாரத்து அணியை நிறுத்தி, மட்டையைக் கையில குடுத்துட்டான்! பொன்னுதுரைக்கு முதல் பந்தே நெஞ்சில. தலைவரு கண்ணை மூடிக்கிட்டு நின்னாரு, பந்தா வந்து மட்டையில பட்டுப் பறந்துடுச்சி. சனம் கைதட்டுது. ஓடு ஓடுன்னு கத்துது. மனுசன் ஓடலியே! கைதட்டுனதும் அந்த இடத்துலயே நின்னு, 'அவைத்தலைவர் அவர்களே'ன்னு ஆரம்பிச்சிட்டாரு. பந்து திரும்பி வந்து அவுட்டாக்கின பிறகும் முடிக்கலே."

மற்ற பதினொருவரும் அவரவர் முறைக்கு அவரவர் நன்றியுரை சொன்னார்கள். காஜா பெராங் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. எதிரணி எடுத்ததை எண்ணுகிறவர் களைத்து உட்கார்ந்துவிட்டாராம்.

ஊர் திரும்பியதும் விசாரணைக் கூட்டம் நடந்தது. பொன்னுதுரை நெஞ்சில் பிளாஸ்திரியோடு எழுந்து, மானம் போனதற்குப் பையன்கள் விளக்கம் தர வேண்டும் என்றார்.

"நாங்க அங்க வரவே இல்லையே!" என்றான் ஜெயபாலன்.

"அதைத்தான் நானும் சொல்றேன். நாட்டோட பேரு போற நேரத்துல அணி மட்டும் அங்க இல்லே. ஏன்?" என்றார் ஏகாம்பரம்.

ஆட்டத்துக்கு வராத குற்றத்துக்காகப் பன்னிரண்டு பேரும் சங்கத்திலிருந்து ஏகமனதாக நீக்கப்பட்டார்கள்.

வயிறெரிந்த பையன்கள் திடலோரக் கெத்தாப்பாங் மரத்தடியில் கூடினார்கள். இனி ஆடுகிறவனுக்கே மரியாதை, தொப்பைக்கு இல்லை என்று சபதம் செய்தார்கள். காஜா பெராங் உண்மை இளைஞர் சங்கம் அந்த இடத்திலேயே பிறந்தது. விஜயா ஒரு சட்டி கோப்பி போட்டுக்கொண்டு வந்தாள். எடுத்த எடுப்பில் மூவார் அணியைச் சனிக்கிழமை ஆட அழைப்பது என்று முடிவாயிற்று. அடுத்தது நிர்வாகிகள் தேர்வு.

சங்கம் என்றால் தலைவர் வேண்டுமே. ஜெயபாலனைச் சொன்னார்கள். எனக்குப் பந்து போட்டால் போதும் என்று சொல்லத்தான் அவன் எழுந்தான். எழுந்தவன் கழுத்தில் யாரோ ஒரு மாலையைப் போட்டுவிட்டான். சாமந்தி வாசம் மூக்கில் ஏறியது. சொல்ல வந்தது என்னவென்று அவனுக்கு மறந்துபோயிற்று.

ஒருவனுக்குப் பதவி கொடுத்து மற்றவனுக்குக் கொடுக்காவிட்டால் மனஸ்தாபம் வரும். எனவே துணைத்தலைவர், உதவித்தலைவர், இணைச்செயலாளர், கொள்கை பரப்பாளர் என்று பன்னிரண்டு பேரும் பதவிக்கு வந்தார்கள். ஒரு பந்து புல்லில் உருண்டுபோய்க் கிடந்தது. விஜயா அதை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"எல்லாம் சரி அண்ணே, சனிக்கிழமை மூவார்க்காரங்க வராங்களே. யாரு பந்து போடுவா?"

அது என் பதவியில் வராது என்று பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஜெயபாலன் மட்டையால் மரத்தைத் தட்டி அமைதி கோரினான்.

"அதுக்கு ஒரு துணைக்குழு போடுவோம். நீ எதையும் செயலாளர் வழியாக் கேளு, தங்கச்சி."

அடுத்த கேள்வி, சங்கத் தொடக்க விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் யார் என்பது. வெகுநேரம் விவாதித்தார்கள். அனுபவசாலியாக ஒருவர் இருக்க வேண்டும் என்பதில் கருத்து வேற்றுமை இல்லை.

சாயங்காலம் பன்னிரண்டு நிர்வாகிகளும் ஒரு மாலை வாங்கிக்கொண்டு ஏகாம்பரத்தின் வீட்டு வாசலில் நின்றார்கள். அவர் கதவைத் திறந்தார். ஜெயபாலன் கழுத்து மாலையையும், அவன் பின்னால் பதவி வரிசைப்படி நின்றவர்களையும் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஜெயபாலனை இழுத்துக் கட்டிக்கொண்டார்.

"இப்பத்தான்டா நீங்க ஆட்டத்தையே கத்துக்கிட்டீங்க!"