விடைபெற வந்த மைத்துனரும் ஆறிப்போன கம்பியும்

ஏம்ஸ், அயோவா
செவ்வாய், பிற்பகல் மூன்றரை

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் ஆர்வின் அவர்களுக்கு,

உங்கள் தங்கை மார்லிஸின் கணவன் டெல்மர், ஆய்வுக்கூடத்து உலையடியில் உட்கார்ந்து எழுதுவது. என் உத்தியோகம் தவிர இங்கு மற்றதெல்லாம் சுகம். அங்கு அத்தையும் சோளப்பயிரும் நலமென்று நம்புகிறேன்.

போன வியாழன் நீங்கள் என் ஏணியைத் திருப்பித் தர இங்கே வந்தீர்கள். எலுமிச்சைக் கேக்கும் கொண்டுவந்தீர்கள், நன்றி. நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் இரண்டு முழங்காலிலும் தட்டி, "சரி, அப்ப நான் கெளம்பறேன் மாப்ளே" என்றீர்கள். நம் ஊரில் அது விடைபெறுவதன் தொடக்கம்தான் என்பது எனக்கும் தெரியும். நாலுக்கு உலையின் மணி அடித்தது. "உன்னயத்தான் கூப்புடுதோ?" என்று கேட்டீர்கள். "அது கெடக்கு மச்சான், நீங்க சொல்லுங்க" என்றேன். கதவுப்பிடியில் கைவைத்தபடி மழையைச் சொன்னீர்கள், சித்தப்பாவின் மூட்டு ஆபரேஷனைச் சொன்னீர்கள், கேக் தட்டுக்காகத் திரும்பி வந்தீர்கள், கார் கண்ணாடியை இறக்கி இன்னும் கால்மணி நேரம் சொன்னீர்கள். விடைபெறுகிறவருக்கு முதுகைக் காட்ட என்னை யாரும் வளர்க்கவில்லை.

உலைக்குள் இருந்தது இரும்பும் காலியம் என்ற உலோகமும் கலந்த விரல் நீளக் கம்பி. ஆயிரம் டிகிரியில் பழுத்ததை, மணி அடித்ததும் எடுத்துத் தண்ணீரில் போட வேண்டும். போட்டால் அணுக்கள் தாறுமாறாக நின்ற இடத்திலேயே உறைந்துவிடும். காந்தம் வந்தால் கம்பி ஒரு மயிரிழைப் பருமனில் கால்வாசி நீளும். பாலத்தின் பாரத்தை உணரும் கருவிக்கு அந்தக் குணம்தான் வேண்டும். நாம் பேசிய பேச்சில் உலை தானாக அணைந்து, கம்பி உள்ளேயே மெல்ல ஆறி, அணுக்கள் சாவகாசமாக வரிசை கட்டிவிட்டன. இப்போது காந்தத்தைக் கண்டால் அதில் பாதிகூட நீள்வதில்லை.

பேராசிரியை லின்ட்கிரென் அளந்து பார்த்துவிட்டு, "என்னங்க டெல்மர், அணுவெல்லாம் சர்ச்சுல சாப்பாட்டுக்கு நிக்கிற மாதிரி நிக்குது? இருக்கறது இன்னும் ஒண்ணுதான். அதுவும் போச்சுன்னா உலைச்சாவிய டுவேன் கிட்ட குடுத்துடுங்க" என்றார். டுவேன், உலை வாயில் சோளம் சுடுகிறவன். இருபத்திரண்டு வருடமாக நான் பார்த்துவரும் உலை. எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான்.

அந்த இரண்டாவது கம்பி இப்போது உள்ளே இருக்கிறது. நாலுக்கு எடுக்க வேண்டும். ஆகவே, கோபிக்காமல், இனி ஆய்வுக்கூடத்துப் பக்கம் வராதீர்கள். வீட்டுக்கு வாருங்கள்.

அத்தைக்கு என் வணக்கம். சித்தப்பாவின் மூட்டுக்கும் விசாரிப்புகள். சரி, முடிக்கிறேன். முடிக்குமுன் இன்னொன்று, ஏணியில் ஒரு படி ஆடுகிறது, அது முன்பே ஆடியதுதான், மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். மழை பெய்ததா? மார்லிஸ் உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். சரி, அப்ப வரட்டுமா. நாய்க்கும் என் அன்பு.

இப்படிக்கு,
டெல்மர்

பி.கு.: மணி நாலு நாற்பது. உலை மணி அடித்தபோது எழுதிக்கொண்டே "அது கெடக்கு" என்றேன், எதிரே யாருமில்லை. மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். நாளைக் காலையிலேயே கேக்கோடு இங்கே வந்து, செவ்வாயன்றும் நீங்கள்தான் வந்திருந்தீர்கள் என்று பேராசிரியையிடம் சொல்லுங்கள். சொல்லிவிட்டு மெதுவாகவே விடைபெறுங்கள். நீங்கள் கிளம்பும்வரை அவரால் சாவியைக் கேட்க முடியாது.