இரண்டு கோடு, ஒரு புள்ளி, ஒரு மெட்ராஸ் மாப்பிள்ளை

உங்களுக்குப் பிடித்த வீடியோ கேம் எது என்று அறுபதைத் தாண்டிய பெண்மணியிடம் யாரும் கேட்பதில்லை. முழங்கால் வலிக்கு என்ன தைலம் போடுகிறீர்கள் என்றுதான் கேட்பார்கள். என்னிடம் மட்டும் கேட்கிறார்கள். சொந்தபந்தத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் அங்கிருக்கும் பிள்ளைகளின் போனை வாங்கி, "ஒரே ஒரு ஆட்டம்" என்று உட்கார்ந்துவிடும் என் சுபாவம் அப்படி. மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கும் விளையாட்டில் எத்தனையோ சாம்பாரைத் தீய்த்திருக்கிறேன். பழைய பொத்தான் போனில் பாம்புக்குத் தீனி போட்டுக்கொண்டே, செங்கோட்டையில் இறங்க வேண்டியவள் புனலூர்வரை போயிருக்கிறேன். (திரும்பி வந்த ரயிலிலும் அதே பாம்புதான்.)

ஆனால் எல்லாவற்றிலும் பிடித்தது எது என்றால், இன்றைய பிள்ளைகள் சிரிக்கும் ஒன்றைத்தான் சொல்வேன். கறுப்புத் திரை. இடது ஓரம் ஒரு வெள்ளைக் கோடு, வலது ஓரம் ஒரு வெள்ளைக் கோடு. நடுவில் ஒரு புள்ளி இங்கும் அங்கும் போய்வரும். அதைக் கோட்டால் தடுத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். விட்டால் எதிராளிக்கு ஒரு பாயிண்ட். முதலில் பதினைந்து எடுத்தவர் ஜெயித்தவர். இவ்வளவுதான் ஆட்டம். இதை நன்றாக ஆடத் தெரிந்த ஒரே காரணத்தால் எனக்கு அமைய இருந்த மெட்ராஸ் சம்பந்தம் கைநழுவிப் போயிற்று.

அந்த மெஷினை மஸ்கட்டில் இருந்த சித்தப்பா கொண்டுவந்தார். டி.வி.யோடு இணைத்து ஆட வேண்டும். அதில் சின்னச் சிக்கல், எங்களிடம் டி.வி. இல்லை. தென்காசியை ஒட்டிய மேலகரத்தில், எங்கள் தெருவிலேயே யாரிடமும் இல்லை. ஒரு வருஷத்துக்கும் மேலாக அது பீரோவுக்குள் சென்ட் பாட்டில்களுக்கும் பிரிக்காத வெளிநாட்டு சோப்புகளுக்கும் நடுவே கிடந்தது. வந்தவர்களுக்கெல்லாம் அம்மா எடுத்துக் காட்டுவாள், அவர்களும் பார்த்து, "நல்லா இருக்கு" என்பார்கள். ஒருவழியாக எண்பதுகளின் தொடக்கத்தில் அப்பா ஒரு கறுப்பு வெள்ளை டி.வி. வாங்கினார். செய்தி கேட்பதற்காக என்று சொன்னார். ஆண்டெனாவை எந்தப் பக்கம் திருப்பினாலும் இலங்கை ஒளிபரப்பு கொஞ்சம் தெரியும், மிச்சமெல்லாம் திரை முழுக்கப் பூச்சி பறக்கும். அதனால் அந்த டி.வி. முழுநேரமும் மெஷினுக்கே என்றாகிவிட்டது.

என் தம்பி சங்கரன் கல்லூரியிலிருந்து வந்தவுடன் ஆட ஆரம்பிப்போம். நான் பி.காம். முடித்துவிட்டு வீட்டில் இருந்ததால், அவன் வருவதற்கு முன்பே தனியாக இரண்டு கையாலும் இரண்டு குமிழையும் திருகிப் பயிற்சி எடுத்திருப்பேன். ஆளுக்கொரு குமிழ், அதைத் திருகினால் கோடு மேலும் கீழும் போகும். சாரல் காலத்தில் மட்டும் கொஞ்சம் தகராறு. எங்கள் ஊரில் அப்போது உப்பு நீர்த்துவிடும், அப்பளம் நமுத்துவிடும், குமிழுக்குள்ளும் ஈரம் ஏறிவிடும். தொடாமலே கோடு தானாக நடுங்கும். அதற்குத் தகுந்தபடி கையைப் பழக்கி வைத்திருந்தேன்.

இந்தச் சமயத்தில்தான் அருணாசலம் அண்ணாச்சி ஒரு ஜாதகத்தோடு வந்தார். தென்காசியில் பாத்திரக்கடை வைத்திருந்தார். கல்யாணம் சேர்த்து வைப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. மாப்பிள்ளைக்குப் பூர்வீகம் கீழப்பாவூர், மெட்ராஸில் அரசாங்க வேலை. போட்டோவில் கண்ணாடி போட்டு, சாந்தமாக இருந்தார். எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அவரைவிட மெட்ராஸ் பிடித்திருந்தது. அங்கே பீரோ உயரத்துக்கு வீடியோ கேம் மெஷின்கள் வரிசையாக நிற்கும் கடை இருக்கிறது என்றும், கலரில் ஓடும் என்றும் என் சிநேகிதி சொல்லியிருந்தாள். கணவர் ஆபீசுக்குப் போனபின் நான் அங்கே போவதாக மனதுக்குள் குடித்தனமே நடத்திக்கொண்டிருந்தேன். இந்தச் சம்பந்தம் எப்படியாவது முடிய வேண்டும் என்று இலஞ்சி முருகனுக்கு வேண்டிக்கொண்டேன், காரணத்தை மட்டும் சொல்லவில்லை.

எங்கள் பக்கத்தில் குற்றால சீசனில் பெண் பார்ப்பது தனி ரகம். முறைப்படி வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் இரண்டு வீட்டுக்கும் தலைக்குனிவு. அதனால் மாப்பிள்ளை வீட்டார் குற்றாலத்துக்குக் குளிக்க வருவார்கள். திரும்பும் வழியில், தெரிந்தவர் வீடாயிற்றே என்று ஒரு காப்பிக்கு நுழைவார்கள். தற்செயலாக அந்த வீட்டில் ஒரு பெண் இருப்பாள். பிடித்திருந்தால் பிற்பாடு வெற்றிலை பாக்கோடு வருவார்கள். பிடிக்காவிட்டால், குளித்தார்கள், குடித்தார்கள், போனார்கள். யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை. அருவிக்குப் போகும் ரோட்டின்மேலேயே எங்கள் வீடு இருந்ததால் இந்த முறை எங்களுக்கு ரொம்ப வசதி.

"ஏட்டி, அவங்க பொண்ணு பாக்க வரல. குளிக்க வாராவ. நீயும் ஒண்ணும் தெரியாத மாதிரி சாதாரணமா இரு" என்றாள் அம்மா. புதுசும் இல்லாத பழசும் இல்லாத ஒரு புடவையை அதற்கென்றே அரைநாள் தேடி எடுத்துக் கொடுத்தாள். எப்படி உட்கார வேண்டும், எதற்குச் சிரிக்க வேண்டும் என்று வேறெதுவும் சொல்லவில்லை. சொன்னால் பெண் பார்க்க வருகிறார்கள் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். பெண் பார்க்க வருபவர்கள் என்றால் சொல்ல ஆயிரம் இருக்கிறது, குளிக்க வருபவர்களுக்கு என்ன சொல்வது.

வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, வழிகாட்ட அண்ணாச்சி. மூவருக்கும் தலை ஈரம் காயவில்லை. அருவியில் குளித்தவர்களின் பசியோடு வடையும் கேசரியும் சாப்பிட்டார்கள். நான் காப்பி கொண்டுபோய் வைத்தேன். மாப்பிள்ளை போட்டோவில் இருந்தது போலவே சாந்தமாக இருந்தார். வெளியே சாரல் வலுத்துவிட்டதால் உடனே கிளம்பவும் முடியவில்லை. பேச்சும் தீர்ந்துவிட்டது. எதற்காக வந்தார்களோ அதைத் தவிர எல்லாவற்றையும் பேசியாயிற்று.

"டிவி வச்சிருக்கியளா. இங்கன என்ன தெரியுது?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்.

"இலங்கை தெரியும் மதினி. மழைன்னா அதுவும் தெரியாது" என்றாள் அம்மா.

"எங்களுக்கு மெட்ராஸ்ல தெளிவா தெரியுது. என்ன, பயிருக்கு எப்படி மருந்து அடிக்கணும்னுதான் சொல்லிக்கிட்டு இருக்கான்."

இந்த இடத்தில் சங்கரன், "எங்ககிட்ட கேம் இருக்கு அத்தான், ஆடுதியளா?" என்றான். அம்மா பலமாக இருமினாள். (குளிக்க வந்தவர் எப்படி அத்தான் ஆவார்.) மாப்பிள்ளை பெருந்தன்மையாக அதைக் கேட்காதவர்போல் குமிழைக் கையில் வாங்கினார். சங்கரன் அழகாகத் தோற்றான். என்னிடம் ஒரு நாளும் அப்படித் தோற்றதில்லை. அப்பா அவனைத் தனியாகக் கூப்பிட்டு ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். ஆண்களுக்குள் அந்த விவரம் நடமாடியிருக்கிறது, என்னிடம் வரவில்லை.

மாப்பிள்ளையின் முகத்தில் மலர்ச்சி வந்ததைப் பார்த்த அண்ணாச்சிக்கு உற்சாகம் தாங்கவில்லை. பெண் நன்றாகப் பாடுவாள் என்று சொல்லும் இடம் அது. நான் பாடி அவர் கேட்டிருக்கிறார். அதனால், "எங்க கோமு ஆடிப் பாக்கணும். இந்தத் தெருவுல அவள ஜெயிக்க ஆளு கிடையாது" என்றார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தரையைப் பார்த்தாள். சாதாரணமாக இரு என்றுதானே சொல்லியிருக்கிறாள் என்று, சாதாரணமாக உட்கார்ந்தேன்.

மாப்பிள்ளையால் ஒரு பாயிண்ட்கூட எடுக்க முடியவில்லை. பாவம், அவர் கோட்டை மேலே கொண்டுபோகும்போதெல்லாம் புள்ளி கீழே போயிற்று. நான் கணக்காக மூலையில் விட்டேன். அவர் மனதில் இடம்பிடிக்கும் வழி அதுதான் என்று நான் நிஜமாகவே நம்பினேன் என்றால் பாருங்கள், எவ்வளவு பெரிய மண்டு. ஆட்டம் முடிந்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்லா ஆடுதீங்க" என்றார். அதற்குமேல் அவர் என்னிடம் எதுவும் பேசியதில்லை, இன்றுவரை.

"ஏலே, தள்ளு" என்றார் அவருடைய அம்மா.

புடவைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு அந்த அம்மாள் டி.வி.க்கு முன்னால் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முதல் நாலைந்து பாயிண்டை விட்டார். அப்புறம் பிடித்துக்கொண்டார். மகனைப் போல் கோட்டைத் துரத்தவில்லை, புள்ளி வரும் இடத்தில் முன்கூட்டியே போய் நின்றார். நான் அடுப்பு, ஆள், அம்மா எல்லாவற்றையும் மறந்தேன். அப்படி ஒரு ஆட்டக்காரியை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. இரண்டு பேருக்கும் பதினான்கு. இன்னும் ஒரே ஒரு பாயிண்ட்.

அப்போதுதான் தலையைத் தூக்கினேன். எதிரே அப்பா கதவோடு கதவாக நின்றுகொண்டிருந்தார். அண்ணாச்சி ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா கையில் காலி வடைத் தட்டோடு என்னைப் பார்த்த பார்வையில், சொல்லாமல் விட்ட ஆயிரமும் இருந்தது. ஒரு பக்கம் ஒரு பாயிண்ட், மறுபக்கம் மெட்ராஸ். நான் மெட்ராஸைத் தேர்ந்தெடுத்தேன். புள்ளி என் பக்கம் வந்துகொண்டிருந்தபோது குமிழிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

சத்தியமாகக் கையை எடுத்துவிட்டேன். ஆனால் சீசன் ஈரம். என் கோடு தானாக நடுங்கிக்கொண்டே கீழே இறங்கி, புள்ளியின் குறுக்கே போய் நின்றது. டொக் என்று புள்ளி திரும்பி, அந்த அம்மாளின் கோட்டுக்கு மேலாகப் போயே போய்விட்டது.

நான் ஜெயித்துவிட்டேன். அதுவும் மடியில் கையை வைத்துக்கொண்டு. பார்ப்பவர்களுக்கு, உன்னை ஜெயிக்க எனக்குக் கைகூட வேண்டாம் என்று வருங்கால மாமியாரிடம் நான் சொன்னது போல இருந்திருக்கும். இருந்தது என்று பிறகு எல்லோருமே சொன்னார்கள்.

அந்த அம்மாள் குமிழை வைத்துவிட்டு, சொருகிய தலைப்பை எடுத்துவிட்டுக்கொண்டார். "பொண்ணு கெட்டிக்காரிதான்" என்றார். அதை எங்கள் பக்கத்தில் எந்தக் குரலில் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அர்த்தம். சாரல் விடுவதற்கு முன்பே கிளம்பிவிட்டார்கள்.

ஆடி முடியும்வரை பதில் இல்லை. ஆவணி பிறந்ததும் அண்ணாச்சி வந்தார். "ஜாதகத்துல ஏதோ இடிக்குதாம்" என்றார். அப்பா, "அப்படியா, பரவால்ல" என்றார். காப்பி குடித்து முடித்தும் அண்ணாச்சி எழுந்திருக்கவில்லை. டம்ளரை உருட்டிக்கொண்டே, "இன்னொரு விஷயம். அந்தம்மா கேக்காவ. ஒங்க தம்பி மஸ்கட்ல இருந்து வரும்போது, அந்த மெஷின் மாதிரி ஒண்ணு அவங்களுக்கும் வாங்கிட்டு வர முடியுமான்னு" என்றார்.

அப்பா பதில் யோசித்துக்கொண்டிருந்தார். அம்மா யோசிக்கவில்லை. உள்ளே போனாள். டி.வி.யிலிருந்து மெஷினைப் பிடுங்கினாள். வயரைச் சுருட்டி, எனக்கு நிச்சயத்துக்கென்று வாங்கி வைத்திருந்த பட்டுப்புடவையை அதன் அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்துவிட்டு, அந்தப் பெட்டியில் மெஷினை வைத்துக் கட்டி அண்ணாச்சியின் கையில் கொடுத்தாள். "இன்னொண்ணு எதுக்கு. இதையே கொண்டுபோய்க் குடுங்க அண்ணாச்சி. இது இங்கன இருந்தா எவளுக்கும் கல்யாணம் நடக்காது."

நான் அழுதேன். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவி, "விடுட்டி, அவனவிட நல்ல மாப்பிள வருவான்" என்றாள். மாப்பிள்ளைக்காக அழவில்லை என்று அவளிடம் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. மெட்ராசுக்கு நான் போவதற்காகத்தான் அத்தனை ஏற்பாடும். கடைசியில் என் பட்டுப்புடவைப் பெட்டியில் ஏறி, எனக்கு மாமியார் வீடு ஆகியிருக்க வேண்டிய வீட்டுக்கு அந்த மெஷின் வாழப் போய்விட்டது. அங்கே நன்றாக இருக்கிறது என்று அண்ணாச்சி அவ்வப்போது தகவல் சொல்வார். அந்த வீட்டுக்கு வந்த புது மருமகள் தினமும் சாயங்காலம் மாமியாரிடம் தோற்றுக் கொடுக்கிறாளாம்.

மறு வருஷம் எனக்குச் செங்கோட்டையில் கல்யாணம் ஆனது. (அவர்கள் பெண் பார்க்க வந்த அன்று அம்மா டி.வி.யையே அடுத்த வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டாள்.) கல்யாணப் பந்தியில் என் மாமியார் சங்கரனிடம், "மூத்த பொண்ணு இவதானே?" என்று கேட்டிருக்கிறார். அவன் பாயசத்தைக் குடித்துக்கொண்டே, "இல்ல, மூத்தவள மெட்ராஸ்ல குடுத்திருக்கு" என்று சொல்லிவிட்டான். எனக்கு முன்னால் வாழப்போன மெஷினை மூத்தவள் என்பது எங்கள் வீட்டில் அதற்குள் பழகிப்போன கேலி. அவருக்கு அது தெரியாதே. தங்கை கல்யாணத்துக்கு வராத அந்த அக்காவை அவர் மண்டபம் முழுக்கத் தேடியிருக்கிறார்.

நானும் விளக்கிச் சொல்லத்தான் நினைத்தேன். மெஷின், பெட்டி, ஈரக் குமிழ் என்று ஆரம்பித்தால், புதுப்பெண்ணுக்கு ஏதோ புத்தி பிசகு என்று நினைப்பார்களே என்று விட்டுவிட்டேன். விட்டது விட்டதுதான். கண்ணை மூடும்வரை என் மாமியார், வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்பார்.

"ஏளா, ஒங்க அக்கா கூட இன்னும் போக்குவரத்து இல்லையா?"

"இல்ல அத்த" என்பேன். அதைச் சொல்லும்போதெல்லாம் நிஜமாகவே வரும் கண்ணீரைத் துடைத்துக்கொள்வேன். அவரும் என் கையைப் பிடித்துக்கொள்வார்.