டார்ச் பிடித்த படபடப்பு

என் முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நெஞ்சு திடுதிப்பென்று படபடக்க ஆரம்பித்ததும் நான் சந்தேகப்பட்டது மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை. அதை விட்டேன், படபடப்பு விடவில்லை. அடுத்து பண்ருட்டிப் பலாச்சுளை. அதற்கடுத்து மாமியார் வைத்த ரசம். அது வீட்டில் தெரிந்த அன்று படபடப்பு இரண்டு மடங்கானது.

ஆனாலும் சந்தேகப்படுவதில் எங்கள் ஃபோர்மேன் 'டார்ச்'சுக்கு முன்னால் நெய்வேலியே கைக்குழந்தை. ஷிஃப்டில் தூங்குகிறவன் முகத்தில் வெளிச்சம் அடித்து அடித்து வந்த பெயர். பட்டப்பகலிலும் கையில் டார்ச் இருக்கும். தீபாவளிக்கு லட்டு கொடுத்தால் பிட்டு, உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவார்.

ஒருநாள் மைன்ஸில் கன்வேயர் மேடையில் நிற்கும்போது படபடத்து, கண் இருட்டியது. கம்பியைப் பிடித்திராவிட்டால் இதை எழுத ஆள் இருந்திருக்காது. லீவு கேட்டேன்.

"நடிக்கிறியா?" என்றார் டார்ச். கையும் களவுமாகப் பிடிக்க ஆஸ்பத்திரிக்கும் கூடவே வந்தார்.

என் நெஞ்சு பெரிய கள்ளன். வழியெல்லாம் தாண்டவம் ஆடியது, இசிஜி ஒயரை ஒட்டியதும் பரம சாதுவாகிவிட்டது. போன தடவைகளிலும் இதே கதைதான்.

"படபடப்பு வரும்போதே எடுத்தாத்தாங்க என்னன்னு சொல்ல முடியும்" என்றார் டாக்டர்.

டார்ச்சின் கண் இடுங்கியது. "மெஷினப் பாத்ததும் ஒழுங்காயிடுதா? நம்ம தூங்குற பசங்க கேஸ் மாதிரியே இருக்கே!"

அன்றோடு அவர் சந்தேகம் என்னை விட்டு என் நெஞ்சுக்கு மாறியது. கேன்டீனில் இட்லியைப் பிட்டால் பின்னாலிருந்து ஒரு கை மணிக்கட்டைப் பிடிக்கும். குவார்ட்டர்ஸ் வாசலில் பல் துலக்கினால் வேலிக்கு மேலே அவர் தலை.

"இப்ப?"

"இல்லண்ணே."

"பொய் சொல்லாத."

"அவரு உங்கள அரெஸ்ட் பண்ணப் போறாரா?" என்று என் மனைவியே கேட்டுவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கும்போது படபடப்பு கிளம்பியது. எங்கிருந்தோ முளைத்த டார்ச், மணிக்கட்டைத் தொட்டார். "ஏறு வண்டில!" ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே கத்தினார்: "ஓடிக்கினு இருக்குது! நிக்கறதுக்குள்ள ஒயரப் போடுங்க!"

மாட்டிக்கொண்டது. தாளில் கோடு முண்டியடித்துக்கொண்டு ஓடியது. துடிப்பில் கோளாறு, மாத்திரைக்கு அடங்கும் என்றார் டாக்டர்.

நர்ஸ் கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். பெஞ்சில் டார்ச், முகம் வெளுத்துப்போய். அந்த வெயிலில் கையில் டார்ச் எரிந்துகொண்டிருந்தது. அணைக்கத் தோன்றவில்லை போலிருக்கிறது.

அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நீங்க இல்லன்னா நான் என்னண்ணே ஆயிருப்பேன்?"

வெளிச்சத்தை என் முகத்துக்கு நேரே தூக்கினார்.

"வாயத் தொற, முழுங்கிட்டியான்னு பாக்கணும்."